பேஸ் கிட்டாருக்கு எந்த பெடல், எந்த வரிசை? திருவிழா மேடைக் கலைஞர்களுக்கான விளக்கம்

முதலமடை: மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழகத்தை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். தமிழும் மலையாளமும் புழங்கும் இந்த எல்லைப் பகுதியின் திருவிழா மேடைகளில் கானமேளாவுக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் இன்றும் வரவேற்பு உள்ளது. இத்தகைய மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடையே, ஒலியை மாற்றியமைக்கும் காலால் இயக்கும் சிறு மின்கருவிகளான ‘பெடல்’களின் மீது ஆர்வம் பெருகி வருகிறது.

ஆனால், கிராமப்புறங்களில் இக்கருவிகளை வாசித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு குறைவு. கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்குச் செல்ல வேண்டும். இல்லையெனில் இணையத்தில் பார்த்து ஆர்டர் செய்ய வேண்டும். கச்சேரிகளில் கிடைக்கும் சிறு வருவாயைச் சேர்த்து வாங்கும் பெடல், மேடையில் பேஸின் ஒலியையே மெலியச் செய்துவிட்டால் அந்தப் பணம் வீணாகிறது. எதை வாங்குவது, எந்த வரிசையில் இணைப்பது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது இந்த இழப்பைத் தவிர்க்க உதவும்.

பேஸுக்கு ஏன் தனிக் கவனம்?

நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸில் இது சுமார் 31 ஆகக் குறைகிறது. சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ சுமார் 82 முறை அதிர்கிறது. அதாவது, பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது.

கிட்டாருக்காக வடிவமைக்கப்பட்ட ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்களில் பல, ஒலி குழம்பாமல் இருப்பதற்காகத் தாழ்ந்த அதிர்வெண்களை மின்சுற்றிலேயே குறைத்துவிடுகின்றன. கிட்டாருக்கு அது நன்மை. பேஸுக்கு அதுவே இழப்பு. பெடலை மிதித்தவுடன் ஒலி முரட்டுத்தனமாக மாறும். ஆனால் பாட்டின் அடித்தளம் காணாமல் போகும். தனி அறையில் வாசிக்கும்போது இது எளிதில் தெரிவதில்லை. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன்தான் வெற்றிடம் புலப்படும்.

தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸின் முக்கியத்துவம் புதிதன்று. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத் துணையாக நில்லாமல் தனி மெட்டாகவே நடைபோடுகிறது. அவரது குழுவில் சசிதரனும், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகள் இன்றும் இளம் கலைஞர்களுக்குப் பாடமாக உள்ளன. அத்தகைய பாடல்களை மேடையில் வாசிப்பவருக்கு ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்பதே முதல் தேவை. ஒலி வித்தைகள் அதற்கு அடுத்தவையே.

பெடல்கள் பிறந்த கதை

லியோ ஃபெண்டரின் ‘பிரிசிஷன் பேஸ்’ 1951-இல் சந்தைக்கு வந்தது. 1962-இல் மேஸ்ட்ரோ நிறுவனப் பெயரில் ‘ஃபஸ் டோன்’ பெடல் வெளியானது. 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ பாடலில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் ஒலியுடன் பேஸ் வாசித்தார். கவனிக்க வேண்டியது, அப்பாடலில் இயல்பான பேஸ் ஒலியும் தனியே பதிவு செய்யப்பட்டிருந்தது. முரட்டு ஒலி ஒருபுறம், அடித்தளம் மறுபுறம் என்ற அந்த ஏற்பாட்டையே இன்றைய பேஸ் பெடல்களில் உள்ள ‘பிளெண்ட்’ குமிழ் ஒரே கருவிக்குள் செய்துதருகிறது.

1970-களில் அமெரிக்கக் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் ‘மியூட்ரான் 3’ என்ற என்வலப் ஃபில்டரைப் பயன்படுத்தி, பேஸ் பேசுவதைப் போன்ற ஒலியைப் புகழ்பெறச் செய்தார். 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் கைக்கடக்கமான பெடல்களை வெளியிடத் தொடங்கியது. 1982-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஓசி-2’ ஆக்டேவ் பெடல் பேஸ் கலைஞர்களிடையே இன்றும் தேடப்படுகிறது.

முதலில் வாங்க வேண்டியவை

ஆசைப்பட்ட அனைத்தையும் ஒரே நேரத்தில் வாங்குவதைவிட, மேடைத் தேவையின் அடிப்படையில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே சிக்கனமானது.

முதல் இடம் ட்யூனருக்கு. வெயிலிலிருந்து இரவுக் குளிருக்கு மாறும் திறந்தவெளி மேடையில் தந்தியின் சுருதி விலகுவது இயல்பு. பெரும்பாலான ட்யூனர் பெடல்கள் மிதித்தவுடன் ஒலியை நிறுத்திவிடும் என்பதால், பாடல்களுக்கு இடையே ஓசையின்றிச் சுருதி சேர்க்கலாம்.

இரண்டாவது, டி.ஐ. வசதியுடன் கூடிய பிரீஆம்ப். திருவிழா மேடைகளில் பேஸுக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஒலி நேரடியாக மிக்ஸருக்குச் செல்வது வழக்கம். நீண்ட கேபிளில் இரைச்சல் கலக்காமல் ஒலியை அனுப்பும் பணியை டி.ஐ. செய்கிறது. பிரீஆம்பில் உள்ள குமிழ்களைக் கொண்டு, ஒலிப்பொறியாளரைச் சாராமலே கலைஞர் தமது ஒலியைத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது கம்ப்ரசர். பலமாக மீட்டிய சுரத்தைச் சற்று அடக்கி, மென்மையான சுரத்தை மேலே கொண்டுவந்து, ஒலியளவைச் சீராக்குவது இதன் வேலை. அளவுக்கு மீறினால் வாசிப்பின் உயிரோட்டம் குறையும்.

நான்காவதாக மெல்லிய ஓவர்டிரைவ் வருகிறது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. சிறிய ஒலிபெருக்கிகளும் கைபேசிகளும் 41 ஹெர்ட்ஸ் ஒலியைப் போதிய அளவு எழுப்ப இயலாதவை. ஓவர்டிரைவ் அச்சுரத்தின் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் போன்ற மேல் ஒலிகளை வலுப்படுத்துகிறது. அவற்றைக் கேட்கும் மனித மூளை, கேளாத அடிச்சுரத்தையும் தானே நிரப்பிக்கொள்கிறது. எனவே, சிறிதளவு ஓவர்டிரைவ் முரட்டுத்தனத்துக்காக மட்டுமன்றித் தெளிவுக்காகவும் பயன்படுகிறது. பிளெண்ட் குமிழ் உள்ள மாதிரியைத் தேர்வதே பாதுகாப்பானது.

கோரஸ், டிலே, ரிவெர்ப், ஆக்டேவ், ஃபில்டர் ஆகியவை குறிப்பிட்ட பாடல்களுக்கு மட்டும் தேவைப்படுபவை. ரிவெர்பும் டிலேயும் தாழ்ந்த சுரங்களை ஒன்றோடொன்று கலக்கவிடும் என்பதால், எதிரொலி மிகுந்த மண்டபங்களில் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

வரிசை ஏன் முக்கியம்?

ஒவ்வொரு பெடலும் தனக்கு முந்தைய பெடல் தந்த ஒலியையே பெற்று மாற்றுகிறது. ஆகவே, அதே பெடல்களை இடம் மாற்றி இணைத்தால் வேறு ஒலி கிடைக்கும். பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை இதுவாகும்: பேஸ், ட்யூனர், என்வலப் ஃபில்டர், ஆக்டேவ், கம்ப்ரசர், ஓவர்டிரைவ் அல்லது ஃபஸ், ஈக்வலைசர், கோரஸ், டிலே, ரிவெர்ப், இறுதியாக டி.ஐ. பிரீஆம்ப்.

என்வலப் ஃபில்டர் விரலின் பலத்தைக் கொண்டே இயங்குகிறது. கம்ப்ரசர் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்துவிடும் என்பதால் ஃபில்டர் அதற்கு முன்னரே இடம்பெறுகிறது. ஆக்டேவ் பெடல் ஒரு சுரத்தை அடையாளம் கண்டு அதற்குக் கீழ்ஸ்தாயியை உருவாக்குகிறது. ஓவர்டிரைவ் கலந்த ஒலியில் மேல் ஒலிகள் மிகுந்திருப்பதால் அது தடுமாறும். அதனால் ஆக்டேவ் முன்னே, ஓவர்டிரைவ் பின்னே.

டிலேயும் ரிவெர்பும் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. எதிரொலிகளை உருவாக்கிய பிறகு ஓவர்டிரைவ் செய்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்து, சுரம் தெளிவிழக்கும். ஈக்வலைசரை ஓவர்டிரைவுக்கு முன் வைத்தால் எந்த அதிர்வெண் அதிகம் கரகரக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். பின் வைத்தால் உருவான ஒலியைத் திருத்தலாம்.

இவை கட்டாய விதிகள் அல்ல. கம்ப்ரசரை இறுதியில் வைத்து, மிக்ஸருக்குச் செல்லும் ஒட்டுமொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்துவோரும் உண்டு. சில பழைய வகை ஃபஸ் பெடல்கள், பேஸிலிருந்து நேரடியாக இணைத்தால் மட்டுமே சரியாக ஒலிக்கும். ஒரே இசைத்துணுக்கை ஒரே ஒலியளவில் வாசித்து, ஒரு முறைக்கு இரண்டு பெடல்களை மட்டும் இடம் மாற்றி ஒப்பிடுவதே சிறந்த சோதனை. ஒலியளவு கூடினாலே காதுக்கு இனிமையாகத் தோன்றும் என்பதால், அளவைச் சமமாக வைத்துக்கொள்வது அவசியம்.

மின்சாரத்தில் கவனம்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், நடுமுனை எதிர்மின்னாக அமைந்த இணைப்பில் இயங்குகின்றன. எனினும் எல்லாப் பெடல்களும் அவ்வாறல்ல என்பதால், கருவியின் மீதுள்ள குறியீட்டைப் பார்த்த பின்னரே அடாப்டரை இணைக்க வேண்டும். முனை மாறினால் பெடல் பழுதடையக்கூடும். டிஜிட்டல் பெடல்கள் சில, அனலாக் பெடல்களைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். எல்லாப் பெடல்களின் மில்லிஆம்பியர் தேவையையும் கூட்டி, அதைவிட அதிகத் திறனுள்ள மின்வழங்கியைத் தேர்வு செய்ய வேண்டும்.

இந்தியாவின் மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியின் மூன்றாம் கட்டையில் பிறக்கும் சுரமோ 49 ஹெர்ட்ஸ். ஆகவே, மின் இரைச்சல் கலந்தால் அது பேஸின் சுரங்களுக்கு நடுவிலேயே ஒலிக்கிறது. ஈக்வலைசரால் இரைச்சலைக் குறைத்தால் சுரமும் குறைகிறது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே மின்சாரம் பிரித்தளிக்கும் ‘ஐசோலேட்டட்’ வகை மின்வழங்கி இதற்குத் தீர்வாக அமைகிறது.

இரைச்சல் தொடர்ந்தால் டி.ஐ. பெட்டியில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானைப் பயன்படுத்தலாம். ஆனால், இரைச்சலை நிறுத்துவதற்காக மின்பிளக்கின் எர்த் முனையை நீக்குவது உயிருக்கே ஆபத்தானது. ஜெனரேட்டரில் இயங்கும் மேடைகளில், குறிப்பாக மழைக்காலத்தில், பழுதுபட்ட ஒரு கருவியின் மின்சாரம் தந்தி வழியாகவும் மைக் வழியாகவும் கலைஞரின் உடலில் பாயக்கூடும்.

ஆர்டர் செய்யும் முன்

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் அடாப்டரில் அச்சிடப்பட்டுள்ள மின்னழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட் மின்சாரம் புழக்கத்தில் உள்ளது. அந்நாடுகளுக்கென மட்டும் தயாரிக்கப்பட்ட அடாப்டரை இங்கு நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். ‘100-240’ என்ற குறிப்பு இருந்தால் அச்சமில்லை. இறக்குமதி வரியும் அஞ்சல் செலவும் விலைக்கு மேல் சேரும் என்பதையும், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உள்நாட்டிலும் வழிகள் உள்ளன. 1842-இல் தொடங்கப்பட்ட சென்னையின் மியூசி மியூசிக்கல் போன்ற நீண்டகால விற்பனையகங்கள் இசைக்கருவிகளை விற்பனை செய்து வருகின்றன. மும்பையைச் சேர்ந்த அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் நிறுவனம் பெடல்களை இந்தியாவிலேயே தயாரிக்கிறது.

எது தேவை என்று தெளிவில்லாதோர், ஸூம் நிறுவனத்தின் ‘பி1 ஃபோர்’ போன்ற பேஸுக்கான மல்டி எஃபெக்ட்ஸ் கருவியில் தொடங்கலாம். அதில் ஒலிமாற்றங்களின் வரிசையைத் திரையிலேயே மாற்றிக் கேட்க முடியும். எந்த ஒலி கச்சேரிதோறும் பயன்படுகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். அதன்பின் அந்த ஒன்றுக்கு மட்டும் தனிப் பெடல் வாங்கலாம். பழைய பெடலை வாங்குவோர் பேஸை இணைத்து வாசித்து, ஒவ்வொரு குமிழையும் திருகிப் பார்த்து, கரகரப்பு இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பணம் தர வேண்டும்.

பெடல்களின் எண்ணிக்கை கூடக் கூட, அவற்றை இணைக்கும் கேபிள்களும், மேடையில் பழுது ஏற்படக்கூடிய இடங்களும் கூடுகின்றன. வாசிப்பின் நடுவே ஒலி நின்றுவிட்டால், பெடல்களைத் தவிர்த்து பேஸை நேரடியாக டி.ஐ.யில் செருகி பாட்டைத் தொடர்வதே உடனடி வழியாகும். அதற்கென நீளமான கேபிள் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது எந்தப் பெடலையும்விடக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பாகும்.