'டாக்டர்' பட்டம் வாங்கியாச்சு... சம்பளம் எப்போ?

காஞ்சீபுரம்.
"டாக்டருக்குப் படிச்சேங்கிறே, ஊசி போடுவியா?"

பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீட்டில் பி.எச்.டி. முடித்த பையனைப் பார்த்துப் பாட்டி இப்படிக் கேட்டால் சிரித்துவிடலாம். "சம்பளம் எப்படா வரும்?" என்று அப்பா கேட்டால்?

பி.எச்.டி. முடித்ததும் கல்லூரி வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. நடுவில் ஒரு படி இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு பேராசிரியரிடம் இரண்டு, மூன்று ஆண்டுகள் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்வது. இதற்கு 'போஸ்ட் டாக்' என்று பெயர்.

ஜன்னலில் கேட்டால் கிடைக்காது

சில இடங்களுக்கு விளம்பரம் வரும். பல இடங்கள் வெளியே தெரியவே தெரியாது. பேராசிரியருக்கு ஆராய்ச்சிப் பணம் வந்தால் ஆள் எடுப்பார். பணம் தீர்ந்தால் இடமும் தீர்ந்தது. ஆபீஸ் ஜன்னலில் போய், "காலி இருக்கா சார்?" என்று கேட்டுப் பயன் இல்லை. கடிதம் பேராசிரியருக்கே போக வேண்டும்.

சிதம்பரத்துக்காரர் எழுதிய கடிதம்

1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் பி.எச்.டி. வாங்கினார். பிறகு உயிரியல் பக்கம் மனது போயிற்று. ஒரு அறிவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எங்கல்மனுக்குக் கடிதம் போட்டார்.

தன்னிடம் இடம் இல்லை என்றார் எங்கல்மன். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூருக்கு ஆள் தேவை என்று வழி காட்டினார். 1978-ல் யேலில் சேர்ந்தார் ராமகிருஷ்ணன். அங்கே தொடங்கிய ரைபோசோம் ஆராய்ச்சிக்குத்தான் 2009-ல் நோபல் பரிசு!

எப்படி எழுதுவது?

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் குப்பைக்கூடைதான். அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்து, "இந்த வேலையில் எனக்கு இது தெரியும்" என்று ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். பி.எச்.டி. முடிய ஓர் ஆண்டு இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

அரசு உதவித்தொகையும் உண்டு. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த ராதாகிருஷ்ணன் திட்டத்தில் 900 இடங்கள், மாதம் 50 ஆயிரம் ரூபாய், 3 ஆண்டுகள். இதுபோன்ற திட்டங்களுக்கு வயது வரம்பு இருக்கும். வழிகாட்டும் பேராசிரியரின் சம்மதமும் வேண்டும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்காருகிற மாதிரிதான். ஒற்றை ஆளால் நடக்காது.

"பணம் கொடு, இடம் வாங்கித் தர்றேன்" என்று எவராவது வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த வேலைக்குத் தரகர் கிடையாது.

ஐம்பது கடிதம்

யேலுக்குப் பிறகும் ராமகிருஷ்ணனுக்குச் சிக்கல் தீரவில்லை. ஆசிரியர் வேலை கேட்டுச் சுமார் 50 கல்வி நிலையங்களுக்கு எழுதிப் போட்டார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கூட வேலைக்குப் போனார், விடாமல் உழைத்தார்.

மூன்று கடிதம் போட்டுவிட்டு, "பதிலே வரலையே" என்று உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே... இன்னும் 47 பாக்கி!