மிளகு இல்லாத மிளகு கேக்

தீசிஸ் முதல் அத்தியாயத்தை ஒருவழியா புரொபசர் தலையில கட்டியாச்சு. சனிக்கிழமை ரூம்ல அடைஞ்சு கிடக்கப் பிடிக்காம, டிரெஸ்டன்ல இருந்து காமென்ஸ் போற ரயில்ல ஏறி புல்ஸ்னிட்ஸ்ல இறங்கினேன். எட்டாயிரம் பேர்கூட இல்லாத குட்டி ஊர். நான் தேடிப் போனது சீகன்பால்குவை. தரங்கம்பாடின்னாலே ஞாபகம் வருவாரே, அவரேதான். 1682ல இங்கதான் பிறந்தார், தானிய வியாபாரி வீட்டுப் பையன்.

மார்க்கெட் சதுக்கத்துல ஒரு சிலை. ஆஹா, நம்மாளுன்னு கிட்டப் போனா எர்ன்ஸ்ட் ரீட்ஷெல்! 1804ல இதே ஊர்ல பிறந்த சிற்பி. வைமார்ல கெத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிக்கிற சிலை இவர் செஞ்சது. சிலை செஞ்சவருக்கே சிலை, நியாயம்தான் :-)

ஆனா ஊருக்குப் பெருமை இவங்க ரெண்டு பேருமில்லை, ஃபெஃபர்கூஹன். நேரா மொழிபெயர்த்தா மிளகு கேக். இதைச் சுட்டு விற்க இந்த ஊர் பேக்கரிக்காரங்களுக்கு 1558லயே அனுமதி கிடைச்சிருக்கு. இதுக்குன்னு ஒரு மியூசியமே இருக்கு.

கடையில இருந்த பாட்டிக்கு எழுபது வயசு இருக்கும். கிழக்கு ஜெர்மனி காலத்துல பள்ளிக்கூடத்துல ரஷ்யன் படிச்சவங்க, இங்கிலீஷ் சுத்தமா வராது. நான் ஜெர்மனி வந்து ஒரு வருஷம் ஆச்சு. கை காட்டியே காலத்தை ஓட்டிட்டிருந்தேன். வேற வழியில்லாம வாயைத் திறந்து, "இதுல மிளகு எங்கே?"ன்னு தப்பும் தவறுமா கேட்டேன். பாட்டி சிரிச்சுட்டு, என் இலக்கணத்தைத் திருத்திட்டு, பொறுமையா சொன்னாங்க. அந்தக் காலத்துல தூரதேசத்து மசாலா எல்லாத்துக்கும் இங்க பொதுப்பேரே 'மிளகு'தானாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் அதுல அடக்கம். தேனும் மாவும் பிசைஞ்சு வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா ஊறவிடுவாங்க. வெண்ணெய் கிடையாது, ஈஸ்ட்டும் கிடையாது. நம்ம வீட்டு இட்லி மாவு ஒரு ராத்திரியில பொங்கிடும், இவங்க பொறுமையைப் பாருங்க!

திரும்பி வரும்போது சீகன்பால்கு நினைப்புதான். 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில இறங்கினப்போ அவருக்கு 24 வயசு முடிய ஒரு நாள் பாக்கி. கிட்டத்தட்ட என் வயசு. திண்ணைப் பள்ளியில சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல விரலால அ, ஆ எழுதிக் கத்துக்கிட்டார். ரெண்டே வருஷத்துல, படிச்ச தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியலே போட்டுட்டார். (தமிழ்ல முதல் அச்சுப் புத்தகம் போட்டது இவர்னு சிலர் சொல்றது தப்பு. 'தம்பிரான் வணக்கம்' 1578லயே வந்தாச்சு. இவர் புதிய ஏற்பாடு 1715ல முடிஞ்சது.) 1713ல நம்ம சாமிகளைப் பத்தி, ஐயனார், மாரியம்மன் வரைக்கும், ஜெர்மன்ல பெரிய புத்தகமே எழுதினார். மதம் மாத்தப் போனவன் இதையெல்லாம் ஏன் எழுதணும்னு ஹாலேல இருந்த பெரியவங்களுக்குப் பிடிக்கலை. 154 வருஷம் தூங்கிட்டு 1867ல சென்னையில அச்சாச்சு.

கேக் ரெண்டு பாக்கெட் வாங்கினேன். ஒண்ணு அம்மாவுக்கு. இன்னொண்ணு டிரெஸ்டன் வர்றதுக்குள்ள காலி. திங்கட்கிழமை முதல் கேண்டீன்ல ஜெர்மன்லதான் பேசறதா இருக்கேன், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.