குத்துக்கல்வலசையில் மனை வாங்கப் போகிறீர்களா?

தென்காசி தனி மாவட்டமாகி 22.11.2019-இல் செயல்படத் தொடங்கியதும், நகரை ஒட்டிய ஊராட்சிகளின் முகம் மாறத் தொடங்கியது. அதில் ஒன்று குத்துக்கல்வலசை. நகரத்து மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம் எல்லாம் எட்டும் தூரம். குற்றாலச் சாரலும் பக்கம். வயலும் குளமும் கண்ணெதிரே. பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு, ஊரோடு இருந்து வேலை பார்க்கலாம் என்ற எண்ணமும் இந்த வட்டாரத்தில் வலுப்பட்டது. ஓய்வுபெற்றவர்கள், வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்புகிறவர்கள், இளம் குடும்பங்கள் என்று பலருக்கும் இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீடு கனவு.

அந்தக் கனவு நல்ல கனவுதான். ஆனால் பாதி நகரம், பாதி கிராமம் என்று இருக்கும் ஊரில் மனையை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. மனைக்கு வரும் பாதை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் எந்த வழியாக வடிகிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகே விலை பேச வேண்டும்.

அங்கீகாரம் என்றால் என்ன?

விளைநிலத்தைக் கூறுபோட்டு அங்கீகாரமில்லாத மனைகளாகப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவான இடங்களை மறுபடி விற்கவும் பதியவும் வழி உண்டு. ஆனால் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. வரன்முறை செய்த ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதிய மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவும் வேண்டும். நிலம் நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். மலையடிவார வருவாய்க் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே கட்டுப்பாடு கூடுதல் என்பதால், குற்றாலம் பக்கம் தள்ளி மனை பார்ப்பவர்கள் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

பாதை யாருடையது?

மனைப்பிரிவில் வெள்ளையடித்த கற்களும் தார்ச்சாலையும் பளிச்சென்று இருக்கும். அந்தச் சாலையை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எழுதிக் கொடுக்காத பாதை தனியார் நிலம். நாளை வேலி விழலாம், தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வராமல் இழுபடலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி புல வரைபடம். அரசின் இணைய சேவையிலேயே சர்வே எண்ணைக் கொடுத்து எடுக்கலாம். அந்தத் தாளோடு மனையில் போய் நில்லுங்கள். தாளில் வண்டிப்பாதையோ ஓடையோ வாய்க்காலோ காட்டியிருந்தால், தரையில் அது எங்கே என்று தேடுங்கள். தாளில் வாய்க்கால் இருந்து, தரையில் அந்த இடம் மண் கொட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள். சிற்றாற்றுப் பாசனமும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும் குளங்களும் உள்ள வட்டாரம் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில், அடைபட்ட நீர் தன் பழைய வழியைத் தேடிப் போனதை எல்லோரும் பார்த்தோம்.

பத்திரத்தில் எதைப் பார்ப்பது?

தாய்ப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பெயர், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம் மட்டுமே வரும். பதியாத பாகப்பிரிவினையோ, வாரிசுகளின் உரிமையோ அதில் தெரியாது. பூர்வீக நிலமாக இருந்தால் விற்பவரின் அக்கா தங்கைகள் கையெழுத்திடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. கிராமத்து நில வழக்குகள் பலவற்றின் வேர் இந்த விடுபட்ட கையெழுத்துதான்.

செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு இது மட்டும் 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். பதிந்த கையோடு உட்பிரிவு செய்து பட்டா மாறுதல் வாங்குங்கள். பத்திரம் மட்டும் போதும் என்று பட்டாவைத் தள்ளிப்போட்டவர்கள், வங்கிக் கடனுக்குப் போகும்போது அலைய நேரிடுகிறது.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனை 2,178 சதுர அடி வரும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

குடியிருக்க எப்படி இருக்கும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும், சாரல் அடிக்கும். மேற்குச் சுவர் நனைந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் அகலமான சன்ஷேடும் நல்ல பூச்சும் தேவை. சாரல் காலத்தில் மட்டும் மனை பார்த்து மயங்க வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் ஒருமுறை போய், பக்கத்து வீட்டாரிடம் போர்வெல் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்கிறதா, உப்புக் கரிக்கிறதா என்று கேளுங்கள். ஐப்பசி அடைமழையில் இன்னொருமுறை போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

ஊராட்சியில் பாதாளச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. கழிவுநீர்த் தொட்டி உங்கள் பொறுப்பு. அது உங்கள் போர்வெல்லுக்கும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும் இயன்றவரை தள்ளி இருக்க வேண்டும். சிறிய மனையில் இந்த இடைவெளி கிடைப்பது கடினம். வரைபடம் போடும்போதே கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் இதைப் பேசிவிடுங்கள்.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வயலும் குளமும் இருப்பதால்தான் இந்த ஊரைத் தேடி வருகிறோம். வாசலை உயர்த்த வாய்க்காலில் மண் தள்ளாதீர்கள், குப்பையைக் குளத்துக்கரையில் கொட்டாதீர்கள், கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்க் குடிநீரையும் வடிகாலையும் பற்றிக் கேள்வி கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். அவர் வாங்கும் கட்டணம், பின்னால் நீதிமன்றத்துக்கு நடக்கும் செலவில் ஒரு துளிகூட வராது.