போயிங் ஸ்டியர்மேன் 75

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் 1930கள், 40களில் 8,000க்கும் மேல் தயாரான பயிற்சி விமானம். இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்க விமானிகள் பலர் பறக்கப் பழகியது இதில்தான். போர் முடிந்ததும் மலிவாக விற்கப்பட்டு, வயல்களுக்கு மருந்தடித்து, பிறகு ஊர் விமானக் காட்சிகளுக்கு வந்து சேர்ந்தது.

மேல் இறக்கையின் நடுவே உள்ள கம்பத்தைப் பாருங்கள். சாகசக் கலைஞர் அதில் வாரால் தன்னைப் பிணைத்துக்கொண்டு நிற்பார். விமானம் கரணம் அடிக்கும்போதும் அங்கேதான்! அதற்குப் பழைய 220 குதிரைத்திறன் எஞ்சின் பற்றாது. பல காட்சி விமானங்களில் 450 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். பின்னால் நீளும் வெண்புகை, சூடான புகைபோக்கிக்குள் விடப்படும் எண்ணெய். எஞ்சினுக்கடியில் சொட்டும் எண்ணெய் கோளாறு அல்ல, இந்த ரகத்தின் வழக்கம். இறக்கை, மரச்சட்டத்தில் போர்த்திய துணி, தொடாதீர்கள்.