இன்னிசைப் பாடகர் நாட் கிங் கோல்

வானொலியில் பாடுபவருக்குக் குரல் ஒன்றே போதும்; முகம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தொலைக்காட்சி வந்ததும் அந்நிலை மாறிற்று. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் அம்மாற்றத்தின் கசப்பை நன்கு சுவைத்தவர்.

1919-இல் அலபாமா மாநிலத்து மான்ட்கொமரியில் பிறந்த இவர் சிகாகோவில் வளர்ந்தார். தந்தை கிறித்தவப் போதகர். தாயார் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனுக்குப் பியானோ கற்பித்தவரும் அவரே. கோல் முதலில் பெயர் பெற்றது பாடகராக அன்று, பியானோக் கலைஞராகவே. 1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பியானோ, கிதார், பாஸ் என மூன்றே கருவிகளோடு ஒரு குழு அமைத்தார். தந்தையின் பிரசங்கத்தில் கேட்ட கதையொன்றை வைத்து அவர் புனைந்த பாடல் 1943-இல் பதிவாகிப் பெரும் வெற்றி பெற்றது. 1946 முதல் 1948 வரை அவருடைய குழுவுக்கென்றே என்.பி.சி. வானொலியில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதன் செலவை ஏற்றது வைல்ட்ரூட் என்னும் தலைமுடித் தைல நிறுவனம்.

அமெரிக்க ஒலிபரப்பின் நடைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கு பெரிய நிலையங்கள் தனியார் வசம் இருந்தன. நிகழ்ச்சிக்குப் பணம் தருவது விளம்பரம் செய்யும் நிறுவனம். அது கைவிட்டால் நிகழ்ச்சி நிலைக்காது.

1948-இல் கோல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையர் வாழும் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார். வேண்டாதவர்கள் இங்கே குடியேறுவதை நாங்கள் விரும்பவில்லை என்றனர் அண்டை வீட்டார். அப்படி யாராவது வந்தால் முதலில் நானே புகார் செய்வேன் என்றாராம் கோல்! 1956 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளையர் சிலர் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினர். அரங்கில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையரே. இனம் பிரித்து அமர்த்தும் அரங்குகளில் பாடலாமா என்று கறுப்பின மக்களும் அவரைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை.

அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. முதலில் கால் மணி நேரம். 1957 கோடையில் அரை மணி நேரம். ஆயினும் நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. கறுப்பினத்தவர் நடத்தும் நிகழ்ச்சிக்குப் பணம் தந்தால் தென் மாநிலங்களில் தங்கள் சரக்கு விற்காது என்பதே அவர்களின் அச்சம். செலவை நிலையமே தாங்கிற்று. எல்லா ஃபிட்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே போன்ற பெருங்கலைஞர்கள் சொற்ப ஊதியத்திற்கு வந்து பாடினர். அப்படியும் 1957 டிசம்பர் 17-உடன் நிகழ்ச்சி முடிந்தது. அடுத்த ஆண்டு எபனி இதழில் எழுதிய கட்டுரையில் கோல் நிலையத்தைக் குறை கூறவில்லை. விளம்பர நிறுவனங்களையே சாடினார். தலைமுடித் தைலம் விற்க உதவிய அதே குரல்தான், முகத்தோடு வந்தபோது விலை போகவில்லை.

இசைத்தட்டுகள் மட்டும் தொடர்ந்து விற்றன. புகைத்தால் குரல் கனிவு பெறும் என நம்பி ஓயாமல் சிகரெட் பிடித்தவர், 1965 பிப்ரவரி 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அப்போது வயது 45. 1991-இல் மகள் நடாலி கோல், தந்தையின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரலையும் இணைத்து ஒரு பாடலை வெளியிட்டார். அவ்விசைத்தட்டு மறு ஆண்டு கிராமி விருது பெற்றது.