தொழில் தகராறும் வழக்குச் செலவும்

தொழில் தகராறில் தீர்ப்பு வந்ததும், வென்றவர் யார் என்றே எல்லோரும் கேட்கிறோம். அதன் கடைசி வரியை ஊன்றிப் படிப்பவர் சிலரே. “அவரவர் செலவை அவரவரே ஏற்க” என்றோ, “மனுதாரர் எதிர்த் தரப்பாருக்குச் செலவுத் தொகை செலுத்துக” என்றோ அவ்வரி முடியும். மும்பையிலோ பிலாயிலோ ஜாம்ஷெட்பூரிலோ உழைக்கும் நம்மவர் ஒருவருக்கு, ஒரு மாதச் சம்பளம் அந்த ஒரு வரியில் கரைந்து போகக் கூடும். அதை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 11ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில், செலவுத் தொகையைத் தீர்ப்பாயத்தின் விருப்புரிமைக்கு விட்டிருந்தது. யார், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதை அதுவே நிர்ணயித்தது. கொடுக்காதவரிடமிருந்து நிலவரிப் பாக்கியைப் போல அரசாங்கம் வசூலிக்கலாம். அச்சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. செலவைப் பற்றிய அதிகாரம் இப்போதும் தீர்ப்பாயத்திடமே உள்ளது.

விருப்புரிமை என்பது மனம் போன போக்கு அன்று. சிவில் வழக்குகளில் தோற்றவரே செலவை ஏற்பது பொது விதி. அதனின்று விலகும் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். தீர்ப்பாயங்களிலோ அவரவர் செலவு அவரவருக்கே என்று விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். பழைய சட்டத்தின்படி எதிர்த் தரப்பு இசைந்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வக்கீல் வாதாடலாம். தொழிற்சங்கத்தாரே பேசிய இடத்தில் பெருஞ்செலவுக்கு இடம் ஏது?

இனி, முறையீடு. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதை ரத்துச் செய்துவிட்டது. அது முதல், தொழில் தீர்ப்பாயத்தின் தீர்ப்பின் மேல் சாதாரண அப்பீல் இல்லை. அரசியலமைப்பின் 226, 227ஆம் விதிகளின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதே வழி.

உயர் நீதிமன்றம் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பதில்லை. ஐயாயிரத்தை நாலாயிரம் ஆக்குங்கள் என்று மட்டும் கேட்டால் மனு நிற்பது அரிது. அதிகார வரம்பு மீறப்பட்டதா, தரப்பினரின் வாதம் கேட்கப்பட்டதா, ஆவணத்தின் முகத்திலேயே சட்டப் பிழை தெரிகிறதா என்பனவே அங்கு எழும் கேள்விகள். உச்ச நீதிமன்றம் 1963இல் சையது யாக்கூப் வழக்கில் இந்த எல்லையைத் தெளிவாக வகுத்தது. அது தொழில் வழக்கு அன்று, நம் சென்னைப் பக்கத்துப் பேருந்து உரிம வழக்கு. ஆயினும் எல்லாத் தீர்ப்பாயங்களுக்கும் அதுவே அளவுகோல். அறிவிப்பே அனுப்பாத ஒரு நாளில் வரவில்லை என்று ஒருவர் மேல் செலவு சுமத்தப்பட்டிருந்தால், அவருடைய முறையீட்டுக்கு வலு உண்டு. தொகை கூடுதல் என்ற மனக்குறை மட்டும் போதாது.

தீர்ப்பையே எதிர்ப்பவர், செலவு உத்தரவையும் தனிக் கோரிக்கையாக மனுவில் சேர்ப்பது நன்று. மனுப் போட்டதனாலேயே வசூல் நின்றுவிடாது. இடைக்காலத் தடை கேட்டுப் பெற வேண்டும். ரிட் மனுவுக்குச் சட்டம் நாள் குறிக்கவில்லை என்று அயர்ந்திருப்பதும் ஆபத்து. காரணமற்ற தாமதத்தைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடலாம்.

வெளிமாநிலத் தமிழருக்கு மற்றொரு செய்தி. குடும்பம் தூத்துக்குடியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மதுரையில் மனுச் செய்ய இயலாது. மகாராஷ்டிரத் தீர்ப்பாயத்தின் உத்தரவென்றால் பம்பாய் உயர் நீதிமன்றமே கேட்கும். தீர்ப்பு நமக்குப் பழகாத மொழியில் இருக்கலாம். சான்றிட்ட நகலை உடனே வாங்கி, மொழி அறிந்தவரைக் கொண்டு கடைசி வரி வரை படிக்கச் செய்க.

வக்கீலுக்குப் பணம் இல்லையே எனச் சிலர் சோர்ந்து விடுகின்றனர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவில், தொழிற்சாலைத் தொழிலாளியை வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவராக்கியுள்ளது. எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி அங்கு இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் விண்ணப்பித்தால் வக்கீல் கிடைப்பார். நீதிமன்றக் கட்டணமும் அவ்வுதவியில் அடங்கும்.