மிளகுத் துறைமுகம் மட்டாஞ்சேரி

நம் ரங்கே கவுடர் வீதியில் மளிகைச் சரக்கு வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கொச்சி என்றதும் மிளகும் சுக்கும்தான் முதலில் நினைவுக்கு வரும். இப்போதோ குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரும் ஊராகவும் கொச்சி ஆகிவிட்டது. போய்வந்த உறுப்பினர்களைக் கேட்டால் சீன வலையைப் பார்த்தோம், படகில் போனோம் என்கிறார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் போனீர்களா என்று கேட்டால், "அங்கே என்னங்க இருக்குது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். வியாபாரிகளாகிய நாம் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தெருவைத்தான்.

கொச்சி ஆதியிலிருந்தே துறைமுகமாக இருந்த ஊர் அல்ல. அதற்கு வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த முசிறிதான் பழைய மிளகுத் துறை. ரோமாபுரிக் கப்பல்கள் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றது அங்கேதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தப் பொன் நம் பக்கமும் வந்திருக்கிறது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்களும், கொடுமணலில் தோண்டியெடுத்த கல்மணிகளும் இதற்குச் சாட்சி. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறை மண் மூடிப்போயிற்று. அதே வெள்ளம் கொச்சியில் கடலுக்கு வழி திறந்துவிட்டது. ஓர் ஊரின் வியாபாரம் இன்னொரு ஊருக்குப் போனது இப்படித்தான்.

1500-ல் போர்த்துகீசியத் தளபதி கப்ரால் மிளகு வாங்கக் கொச்சிக்கு வந்தார். 1503-ல் ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய முதல் கோட்டை இங்கே எழுந்தது. வாஸ்கோடகாமா 1524 டிசம்பர் 24 அன்று இறந்ததும் இந்த ஊரில்தான். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அவரைப் புதைத்த இடத்தை இன்றும் காணலாம். எலும்புகளைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1663-ல் டச்சுக்காரர் பிடித்தனர். 1795-ல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டையை 1806-ல் ஆங்கிலேயரே இடித்துவிட்டதால், ஃபோர்ட் கொச்சி என்ற பேர் இருக்கிறதே தவிர, பார்க்கக் கோட்டை இல்லை. டச்சுக்காரர் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துப்போன வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்களை அங்குள்ள தோபிகானாவில் காணலாம். நம் தமிழ் காதில் விழும்.

இவ்வளவு பேர் ஆண்டும், கப்பல் உள்ளே வர முடியாத துறைமுகமாகவே அது இருந்தது. முகத்துவாரத்தில் மணல் திட்டு குறுக்கே கிடந்ததால், பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிப்போய்க் கப்பலில் மாற்ற வேண்டும். ஒரு மூட்டைக்கு எத்தனை முறை ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்று நம்மவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடி மாத அலையில் அந்த வேலையும் நின்றுபோகும். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து இந்தத் திட்டை வெட்டித் தூர்வாரினார். அள்ளிய மண்ணைக் காயலில் கொட்டி உண்டாக்கியதுதான் வெல்லிங்டன் தீவு. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் பம்பாயிலிருந்து வந்து உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1936-ல் இது பெரிய துறைமுகம் என்ற தகுதி பெற்றது.

அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. போத்தனூர் வழியாக மலபாருக்குப் போகும் பாதையில் உள்ள ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-ல் வண்டி ஓடியது. இதற்குப் பணம் திரட்டக் கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோவில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்றார். லாபம் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் முதல் போட்ட மனிதர் அவர்.

கடற்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் இங்கேதான். ஐ.என்.எஸ். கருடா என்ற கடற்படை விமானத்தளம் 1953-ல் ஏற்பட்டது. ஃபோர்ட் கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா பீரங்கிப் பயிற்சிப் பள்ளியும், அதை ஒட்டிக் கடற்படை அருங்காட்சியகமும் உள்ளன. 262 மீட்டர் நீளமுள்ள விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது.

இனி பஜார் ரோட்டுக்கு வருவோம். 1979-ல் என் தகப்பனாரோடு முதன்முதலாகப் போனேன். எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் அக்கரை போனோம். படகு கரை சேருமுன்பே மிளகு நெடி வந்துவிட்டது. தெருவின் ஒரு பக்கம் முழுவதும் கிடங்குகள். அவற்றின் பின்வாசல் காயலில் திறக்கும். தோணியில் வரும் மூட்டை பின்வாசலில் இறங்கி முன்வாசலில் விலைபோகும். குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், தமிழர், யூதர் என்று எல்லோரும் அந்த ஒரு தெருவில் தொழில் செய்தார்கள். யூதத் தெருவில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வியாபாரம் நடந்தது. அங்கே கூவிய விலைதான் நம் ஊரில் மறுநாள் விலை.

தகப்பனார் ஓய்வு பெற்றபின் நான் தனியாகப் போய் இருபது மூட்டை வாங்கினேன். தரகர் காட்டிய மாதிரி உருண்டு திரண்டு அருமையாக இருந்தது. கோவை வந்து கொட்டியதும் நடு மூட்டைகளில் ஈரம். போதாததற்குப் பப்பாளி விதைக் கலப்பு. தகப்பனார் கோபப்படவில்லை. "மாதிரியைப் பார்த்தாய் தம்பி, மூட்டைக்குள் குத்தூசி விட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் ஒவ்வொரு மூட்டையிலும் மூன்று இடத்தில் குத்தி எடுத்து, ஒரு லிட்டர் படி எடை பார்த்து, தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துத்தான் விலை பேசுகிறேன். பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். முற்றின மிளகு அமிழும்.

அந்தக் கடைத்தெரு இன்று பாதிதான் இருக்கிறது. கண்டெய்னர் லாரி அந்தச் சந்தில் திரும்ப முடியாது. வயநாட்டிலும் இடுக்கியிலும் தோட்டத்திலேயே நேரடிக் கொள்முதல் நடக்கிறது. வியட்நாம், இலங்கை மிளகும் சேர்ந்துகொண்டது. 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் முன்பேரச் சந்தைக்காக இருப்பு வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய்க் கலப்பு என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய் அது. அந்த அடியிலிருந்து பெயரை மீட்க வெகுநாள் பிடித்தது. மிளகு ரொம்பப் பளபளத்தால் நம் கடைக்காரர்கள் ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கட்டும்.

போகிறவர்கள் செவ்வாய், புதன், வியாழனில் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. 1555-ல் போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை அது. ராமாயணச் சுவரோவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும். தரை முழுவதும் சீனத்து ஓடுகள், கையால் வரைந்தவை. கடையை யாரிடம் விட்டுப் போவது என்பீர்கள். காலை ரயிலில் போனால் இரவே திரும்பிவிடலாம். 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. உயர்நீதிமன்றத் துறையில் ஏறிக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு பேரனோடு போனேன். நாங்கள் சரக்கு எடுத்த கிடங்கில் இப்போது பழைய மரச்சாமான் விற்கிறார்கள். உத்தரத்தில் அந்த நாளைய தொங்கு தராசு அலங்காரத்துக்காகத் தொங்குகிறது. இரண்டு கடை தள்ளி ஒரு கிடங்கில் பெண்கள் சுக்கைச் சலித்துக் கொண்டிருந்தார்கள். உள்ளே போய் அரைக்கிலோ கேட்டேன். சில்லறை இல்லை, மூட்டைதான் என்றார் முதலாளி. கோவை என்றதும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஒரு மூட்டை எடுத்து வந்தேன்.